ஷ்வேரின் ஆவணக் காப்பாளரும் விஸ்மார் மரத்தூண் குடியிருப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் வரம்பு

வடக்கு ஜெர்மனியில், பால்டிக் கடலை ஒட்டிய மெக்லென்பர்க்-ஷ்வேரின் நாட்டில், ஓர் ஆவணக் காப்பாளர் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். கியோர்க் கிறிஸ்டியான் ஃபிரீட்ரிஷ் லிஷ் என்ற அவர் அந்த நாட்டின் பட்டயங்களைப் பதிப்பித்தார், வரலாற்றுச் சங்கத்தைத் தொடங்கி நடத்தினார், தொல்பொருள் தொகுப்பை ஒழுங்குபடுத்தினார், பழைய தேவாலயங்களின் பாதுகாப்பையும் கவனித்தார். அவருடைய முழு வாழ்க்கை வரலாற்றைச் சொல்வது இங்கே நோக்கமன்று. ஏட்டுச் சான்றை அத்தனை எச்சரிக்கையோடு கையாண்ட ஒருவர், 1860-களில் விஸ்மார் நகருக்கருகே தோண்டி எடுக்கப்பட்ட பொருள்களில் எவ்வாறு ஏமாற நேர்ந்தது என்பதை, அவர் பணிவாழ்வின் போக்கிலிருந்தே விளக்க முடியுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். தோண்டலை மேற்பார்த்தவரின் பெயர் இங்கே தரப்படவில்லை. அவருடைய குற்றத்தை எடைபோடுவது நமது வேலையன்று; அதற்கு இடங்கொடுத்த பணிமுறையே நமக்கு வேண்டியது.

பின்னணி: 1801 முதல் 1834 வரை

லிஷ் 1801 மார்ச் 29 அன்று ஸ்ட்ரேலிட்ஸ் ஊரில் பிறந்தார். கியூஸ்ட்ரோ நகரில் பள்ளிப்படிப்பை முடித்து, ராஸ்டாக்கிலும் பெர்லினிலும் இறையியல் பயின்றார். அக்காலத்தில் இறையியல் படித்துவிட்டு மதகுரு ஆகாதவர்களுக்கு ஆசிரியர் வேலைதான் வழக்கமான வழி; அவரும் 1827-இல் ஷ்வேரின் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். வரலாற்றாய்வுக்கென்றோ ஆவணப் பணிக்கென்றோ தனிப் பயிற்சி பெற்றவரல்லர். லத்தீன் மொழியறிவும், மூலநூலைச் சொல்சொல்லாகப் பிரித்துப் படிக்கும் பழக்கமும்தான் அவர் கையிருப்பு. 1834-இல் கிராண்ட் டியூக்கின் இரகசிய, முதன்மை ஆவணக் காப்பகத்தில் அவருக்குப் பணி கிடைத்தபோது, அந்தக் கையிருப்பே போதுமானதாக இருந்தது.

மெக்லென்பர்க்கின் நிலைமையையும் இங்கே சொல்ல வேண்டும். நிலவுடைமை உயர்குடியினரின் பிடி தளராத நாடு அது. பண்ணையடிமை முறை 1820-இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பழைய பட்டயங்களில் எழுதப்பட்ட உரிமைகள் அப்போதும் நடைமுறையில் உயிரோடிருந்தன. ஒரு குடும்பத்துக்கு ஒரு கிராமம் எந்த ஆண்டில், யாரிடமிருந்து, எந்த நிபந்தனையோடு வந்தது என்ற கேள்வி அங்கே வெறும் வரலாற்று ஆர்வமாக நின்றுவிடவில்லை. ஆகவே ஆவணக் காப்பாளர் என்பவர் அரசுக்கும் குடும்பங்களுக்கும் ஒருசேர வேண்டியவராக இருந்தார். லிஷ் பின்னாளில் மால்ட்ஸான், ஹான், ஓர்ட்ஸன் ஆகிய குடும்பங்களின் வரலாறுகளையும் ஆவணத் தொகுதிகளையும் பல பாகங்களாக வெளியிட்டது இந்தப் பின்னணியில்தான்.

ஒரே கையில் சேர்ந்த பொறுப்புகள்

காப்பகப் பணியேற்ற மறு ஆண்டே, 1835-இல், மெக்லென்பர்க் வரலாறு மற்றும் தொன்மையியல் சங்கம் அவர் முயற்சியில் தொடங்கப்பட்டது. அதன் செயலாளர் அவர்தாம். 1836-இல் சங்கத்தின் ஆண்டிதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியரும் அவர்தாம், 1870-களின் இறுதி வரை. அக்காலத் தொகுதிகளின் உள்ளடக்கத்தைப் பார்ப்பவருக்கு ஒரு விஷயம் கண்ணில் படாமல் போகாது: பட்டயம், நாணயம், தேவாலய மணியின் எழுத்து, ஈமக்குழி, இடப்பெயர் என்று எந்தப் பொருளை எடுத்தாலும், கட்டுரையின் கீழ் மீண்டும் மீண்டும் அதே பெயர்.

அதே ஆண்டுகளில் லுட்விக்ஸ்லுஸ்ட் அரண்மனையிலிருந்த கிராண்ட் டியூக்கின் தொல்பொருள் தொகுப்பும் அவர் பொறுப்பில் வந்தது. அதற்கு ஏற்கெனவே ஒருவர் படத்தகடுகள் தயாரித்து, நூலை முடிக்காமலே இறந்துபோயிருந்தார். அந்தத் தகடுகளுக்கு விளக்கவுரை எழுதி, 1837-இல் லிஷ் நூலை வெளியிட்டார். நூலுக்கு ‘ஃபிரெடெரிகோ-ஃபிரான்சிஸ்கேயும்’ என்று பெயர். அவ்வாண்டு பிப்ரவரியில் மறைந்த கிராண்ட் டியூக் முதலாம் ஃபிரீட்ரிஷ் ஃபிரான்ஸின் பெயரைத் தாங்கியது அது. இவற்றோடு அரசு நூலகமும், 1850-களில் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களைப் பாதுகாக்கும் பொறுப்பும் சேர்ந்தன.

சிறிய நாட்டில் வேறு ஆள் இல்லை என்பதுதான் இதற்கு நேரான விளக்கம். அது உண்மையுங்கூட. ஆனால் பொருளைத் தேடச் சொல்பவர், பெறுபவர், வகைப்படுத்துபவர், அதைப் பற்றி எழுதுபவர், எழுதியதை அச்சுக்கு ஏற்பவர் ஆகிய ஐந்து பேரும் ஒரே ஆளாக இருக்கும்போது, இடையில் நின்று கேள்வி கேட்கக்கூடிய இரண்டாவது ஆள் எங்கேயும் இல்லாமல் போகிறார். முப்பது ஆண்டுகள் இதனால் எந்தக் கெடுதலும் வெளியே தெரியவில்லை. நன்மைதான் தெரிந்தது.

கவனித்தவை: ஏட்டுச் சான்றில் அவர் முறை

பட்டயப் பதிப்பில் அவர் கடைப்பிடித்த ஒழுங்கைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1837-க்கும் 1841-க்கும் இடையே தார்குன் மடம், நோய்க்ளோஸ்டர் மடம், ஷ்வேரின் ஆயர் மாவட்டம் ஆகியவற்றின் பட்டயங்களை மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1860-இல் சங்கம் மெக்லென்பர்க் பட்டயத் தொகுதி என்ற பெரும் பணியை மேற்கொள்ளத் தீர்மானித்தது. 786 முதல் 1250 வரையிலான ஆவணங்களைக் கொண்ட முதற்பாகம் 1863-இல் வெளிவந்தது. அடுத்த மூன்று பாகங்கள் 1867-க்குள் வந்து, 1300 வரை எட்டின. உடன்பணியாற்றிய இளைய காப்பாளர் ஃபிரீட்ரிஷ் விகருக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

இத்தொகுதியில் ஒரு பட்டயத்தின் வாசகம் முடிந்ததும், அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு வரும். மூலப்படி எந்தக் காப்பகத்தில் இருக்கிறது, முத்திரை எதில் தொங்குகிறது, முத்திரையில் என்ன உருவம், எது உடைந்திருக்கிறது, மூலப்படி இல்லையென்றால் எந்தக் காலத்து நகலிலிருந்து அச்சிடப்பட்டது, அந்த நகலை நம்பலாமா என்பவையெல்லாம் அக்குறிப்பில் இருக்கும். வாசகத்தை மட்டும் வேண்டுபவர் இதைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் பட்டயத்தின் நம்பகத்தன்மை முழுவதும் இந்தச் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. இடைக்கால மடங்கள் நில உரிமைக்காகப் போலிப் பட்டயம் எழுதிக்கொள்வது ஐரோப்பா முழுவதும் இருந்த பழக்கம். ஆகவே வாசகம் எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும், அந்தத் தோல் எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்று கேட்காமல் அதை ஏற்கக்கூடாது என்பது ஆவணத் துறையின் முதற்பாடம். கேட்ட கேள்விக்கு மிகப் பொருத்தமாக விடை சொல்லும் பட்டயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கவனித்தவை: மண்ணிலிருந்து வந்த சான்றில் அவர் முறை

தொல்பொருளில் அவர் சாதித்தது சிறிதன்று. தொல்பொருள்களைக் கல், வெண்கலம், இரும்பு என்று காலவரிசைப்படுத்திய தாம்சனின் வழிகாட்டி நூல் கோபன்ஹேகனில் 1836-இல் டேனிஷ் மொழியில் வந்தது. அதே காலத்தில் ஜெர்மனியில், ஸால்ட்ஸ்வெடல் நகரில் டானைலும் ஷ்வேரினில் லிஷும் அதே மூன்று கால வரிசையை ஈமக்குழிகளைக் கொண்டே வகுத்தனர். லிஷின் அடிப்படை எளிமையானது: பெருங்கற்களால் எழுப்பிய கல்லறைகளில் கற்கருவிகள், கூம்பு வடிவ மண்மேடுகளில் வெண்கலம், மேடில்லாத சமநிலத்துத் தாழிக்காடுகளில் இரும்பு. தனிப் பொருளைப் பார்த்து வயது சொல்லாமல், ஒரே குழியில் எது எதோடு சேர்ந்து கிடந்தது என்று பார்த்தது அவருடைய பலம். மைன்ஸ் நகரின் தொல்பொருளாய்வாளர் லின்டென்ஷ்மிட் போன்றவர்கள் இந்த மூன்று கால வரிசையை நெடுங்காலம் மறுத்தனர். அவ்வழக்கில் லிஷின் பக்கமே நின்றது.

இந்த முறை ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. எது எதோடு கிடந்தது என்று சொல்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும். லிஷ் எல்லாக் குழிகளிலும் தாமே இறங்கியவர் அல்லர், இறங்கவும் முடியாது. கிராமத்துப் பாதிரியார், பண்ணை உரிமையாளர், பள்ளி ஆசிரியர், சாலை போடும் மேற்பார்வையாளர் என்று சங்கத்தோடு தொடர்புடையவர்கள் பொருளை அனுப்புவார்கள். கூடவே அது கிடைத்த விதத்தைக் கடிதத்தில் எழுதுவார்கள். பொருள் தொகுப்புக்குள் போகும், கடிதத்தின் சாரம் ஆண்டிதழில் அச்சாகும். 1846-இல் பிளாவ் நகருக்கருகே குந்திய நிலையில் கிடைத்த எலும்புக்கூட்டைப் பற்றிய செய்தி இப்படித்தான் ஆண்டிதழ் வழியே பரவி, பின்னர் நியாண்டர்தால் எலும்புகளை ஆராய்ந்த ஷாஃப்ஹௌசன் வரை போய்ச் சேர்ந்தது. ஷ்வேரினில் ஒரு பாரா அச்சானால், பான் நகரில் இருந்த ஷாஃப்ஹௌசன் போன்றவர் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டிருந்தது.

பட்டயத்தின் கீழே வரும் அந்தச் சிறிய எழுத்துக்கு ஈடானது இங்கே என்ன இருந்தது என்று பார்த்தால், அனுப்பியவரின் கடிதம் ஒன்றுதான். அது நேர்மையானதா என்பதற்குச் சான்று, அனுப்பியவரின் நற்பெயர்.

விளக்கத்தில் நேர்ந்த பிழைகள் வேறு வகையைச் சேர்ந்தவை. சமநிலத் தாழிக்காடுகளை அவர் வெண்டியர் எனப்படும் ஸ்லாவியர்களுடையவை என்று கருதினார். அவற்றில் பல ஸ்லாவியர் வருவதற்கு முந்தியவை என்று பின்னர் தெளிவாயிற்று. ஹேவன் என்ற இடத்தில் ரோமானியக் கலங்களோடு கிடைத்த செல்வமிக்க குழிகளை ரோமானியரின் கல்லறைகள் என்றே 1870-இல் எழுதினார். அவை ரோமானியப் பொருள்களைப் பெற்றிருந்த ஜெர்மானியத் தலைவர்களுடையவை என்று இன்று கொள்ளப்படுகிறது. இவற்றில் பொருள் மெய், அதன் பொருளுரை மட்டும் பிழை. அடுத்து வருபவர் அதே பொருளை வைத்துக்கொண்டே திருத்திவிட முடிந்தது. விஸ்மாரில் அப்படி முடியவில்லை.

விஸ்மார்

1853-54 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் சூரிக் ஏரியின் நீர்மட்டம் மிகத் தாழ்ந்தபோது, ஓபர்மைலன் கரையில் மரத்தூண்கள் வெளிப்பட்டன. அவை பழங்காலக் குடியிருப்பின் தூண்கள் என்று ஃபெர்டினாண்ட் கெல்லர் 1854-இல் அறிவித்தார். அதன்பின் பத்தாண்டுகளில் ஐரோப்பாவின் ஏரிக்கரைகளிலும் சதுப்புகளிலும் மரத்தூண் தேடும் வேகம் பரவியது. ஏரிகளும் கரிமண் சதுப்புகளும் நிறைந்த மெக்லென்பர்க்கில் அப்படிப்பட்ட குடியிருப்பு இல்லாமல் இருக்குமா என்ற கேள்வி எழுந்தது இயல்பே.

1863-இல் விஸ்மாருக்கு அருகிலுள்ள கேகலோவிலும், அடுத்து விஸ்மாரை ஒட்டிய சதுப்பிலும் எதிர்பார்த்தது கிடைக்கத் தொடங்கியது. கற்கோடரிகள், பானை ஓடுகள், விலங்கெலும்புகள், மரத்துண்டுகள் என்று வரிசையாக வந்தன. லிஷ் அவற்றைக் கற்கால மரத்தூண் குடியிருப்பின் எச்சங்கள் என்று ஏற்று, ஆண்டிதழில் விரிவாக எழுதினார். சுவிட்சர்லாந்தில் கண்டதற்கு வடக்கிலும் இணை கிடைத்துவிட்டது என்ற செய்தி ஆய்வாளரிடையே பரவியது.

தோண்டலை நாள்தோறும் பார்த்தவர் லிஷ் அல்லர். உள்ளூரில் இருந்த ஒருவர். ஷ்வேரினுக்கும் விஸ்மாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர் அளவுதான். 1848 முதல் ரயிலும் ஓடியது. தொலைவு தடையாக இருந்தது என்று சொல்ல இடமில்லை. தடை அந்த ஆண்டுகளின் நாட்காட்டியில் இருந்தது. 1863, 1864, 1865 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பட்டயத் தொகுதியின் பாகங்கள் ஆண்டுக்கு ஒன்றாக வெளிவந்துகொண்டிருந்தன. ஆண்டிதழும் தவறாமல் வந்தது. அறுபத்துநான்கு வயதை நெருங்கிய மனிதர், அச்சுப்படிக் கட்டுகளுக்கு நடுவே, விஸ்மாரிலிருந்து வரும் பெட்டியைத் திறந்து பார்க்கிறார் என்றால், அந்தப் பெட்டியில் இருப்பது அவர் எதிர்பார்த்ததாகவே இருக்கும்போது கேள்வி எழுவதற்கு நேரம் எங்கிருந்து வரும்?

பின்னர் மோசடி வெளிப்பட்டது. வேறிடங்களில் கிடைத்த பொருள்களும் மேற்பார்வையாளரால் விஸ்மார் கண்டெடுப்புகளோடு கலக்கப்பட்டிருந்தன. எது சதுப்பில் கிடந்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்தறிய வழியில்லாமற்போயிற்று.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

லிஷ் எடுத்த முடிவுகளை மூன்றாகக் கொள்ளலாம். மூன்றுக்கும் அந்நாளில் நியாயம் இருந்தது.

தோண்டலை உள்ளூர் ஆளிடம் விட்டது முதல் முடிவு. முப்பது ஆண்டுகளாகச் சங்கம் வளர்ந்ததே அப்படித்தான். நம்பி விட்டதால்தான் நாடு முழுவதிலுமிருந்து பொருள்கள் ஷ்வேரினுக்கு வந்தன. நம்பாமல் இருந்திருந்தால் அவற்றில் பாதி உழவர் வீட்டுத் தாழ்வாரத்திலேயே கிடந்து தொலைந்திருக்கும். ஆனால் பழைய முறையில் ஒருவர் தற்செயலாகக் கண்டெடுத்ததை அனுப்பினார். விஸ்மாரில் ஒருவர் கண்டெடுப்பதற்கென்றே அமர்த்தப்பட்டிருந்தார். பொருள் கிடைத்தால்தான் தோண்டல் தொடரும் என்ற நிலை, எந்த மேற்பார்வையாளருக்கும் ஓர் அழுத்தத்தைத் தரும். இந்த வேறுபாட்டை லிஷ் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

உடனுக்குடன் அச்சிட்டது இரண்டாவது. கிடைத்ததை மறைக்காமல் உடனே வெளியிட வேண்டும் என்பது அவர் ஆண்டிதழ்க் கொள்கை. அதுவே அந்த இதழின் பெருமையும். மெக்லென்பர்க்கைப் பற்றி இன்றும் எழுதுபவர்கள் அதைத் திறந்து பார்ப்பதற்கு அந்தத் தாராளமே காரணம். ஆனால் அச்சான செய்தியைத் திரும்பப் பெறுவது பெட்டியைத் திருப்பி அனுப்புவது போல எளிதன்று.

சுவிஸ் மாதிரியை அளவுகோலாக வைத்தது மூன்றாவது. என் பார்வையில் இதுதான் மற்ற இரண்டையும்விடக் கனமானது. எந்தப் பொருள் வர வேண்டும் என்று கெல்லரின் அறிக்கைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. அந்தப் பட்டியலை விஸ்மாரில் இருந்தவரும் அறிந்துகொள்ள முடியும். பொருத்தமே சான்றாகிவிட்டபோது, பொருத்தமாக ஒன்றைச் செய்து தருவது யாருக்கும் கடினமன்று. பட்டயத்தில் இதே நிலை வந்திருந்தால் லிஷ் மூலப்படி எங்கே என்று கேட்டிருப்பார்.

பின்விளைவு

லிஷின் நற்பெயர் இதனால் பெரிதாகக் குலையவில்லை. அவர் ஏமாற்றியவர் அல்லர், ஏமாந்தவர் என்பது எல்லோருக்கும் தெளிவாயிருந்தது. 1870-களின் இறுதிவரை பணியில் நீடித்து, 1883 செப்டம்பர் 22 அன்று ஷ்வேரினில் காலமானார். காப்பகமும் ஆண்டிதழும் விகரின் கைக்குப் போயின. 1887-இல் காலக்கணிப்பு அறிஞர் ஹெர்மான் குரோட்டஃபென்ட் காப்பகப் பொறுப்பேற்றார். தொல்பொருள் தொகுப்பு ராபர்ட் பெல்ட்ஸிடம் போயிற்று. ஒரு மனிதர் சுமந்த வேலை பிரிந்து போனதைக் கவனிக்க வேண்டும். அவரைப்போல் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்க அதன்பின் யாரும் அமர்த்தப்படவில்லை. பெல்ட்ஸ் பழைய கண்டெடுப்புகளை மீண்டும் ஒன்றுதிரட்டி, நாட்டின் வரலாற்றுக்கு முந்திய பொருள்களின் பெருந்தொகுப்பை 1910-இல் வெளியிட்டார்.

பட்டயத் தொகுதி தொடர்ந்தது. முதலாம் உலகப் போருக்கு முன் இருபத்துநான்கு பாகங்களை எட்டி, கடைசிப் பாகம் 1977-இல் முடிந்தது. 1863-இல் தொடங்கிய அதே அச்சுமுறை, வாசகத்தின் கீழே அதே சிறிய எழுத்துக் குறிப்பு.

விஸ்மார் சதுப்புக்கு நேர்ந்தது அதுவன்று. போலி கலந்ததால் மெய்யானவையும் கைவிடப்பட வேண்டியதாயின. மரத்தூண் குடியிருப்புகளைப் பற்றிப் பின்னர் எழுதியவர்கள் அந்த இடத்தை எச்சரிக்கையோடு மட்டுமே குறித்தனர். உண்மையில் அங்கே ஏதேனும் இருந்திருந்தால் அதுவும் அந்த மேற்பார்வையாளரின் கையால் அழிந்தது. ஆய்வுலகம் இழந்தது அதைத்தான்.

மாற்றியிருக்க வேண்டியவை

அக்காலத்தில் இல்லாத கருவிகளைக் கேட்பது நியாயமன்று. நிழற்படமும் அளவு வரைபடமும் எல்லாக் குழியிலும் எடுக்கும் வழக்கம் அப்போது இல்லை. லிஷ் தாமே வைத்திருந்த முறையைக் கொண்டு என்ன செய்திருக்கலாம் என்பதையே இங்கே கேட்கலாம்.

பட்டயத்தின் கீழே எழுதியதைக் கோடரியின் கீழேயும் எழுதியிருக்கலாம்: எந்த நாளில், எந்த ஆழத்தில், எந்த ஆள் முன்னிலையில், எதற்கருகே கிடைத்தது என்று. அதை நிரப்ப முடியாத பொருளைத் தொகுப்பில் வைத்துக்கொள்ளலாம், சான்றாக அச்சிடக்கூடாது. மேற்பார்வையாளரை நம்பியிருந்தாலும், அவர் அறியாத ஒரு நாளில், அவர் தோண்டாத ஒரு மூலையில், வேறோர் ஆளை வைத்து ஒரு குழி தோண்டிப் பார்த்திருக்கலாம். இதற்கு ரயில் கட்டணமும் இரண்டு நாள் கூலியும்தான் செலவு. மேலும், தாமே பெற்றுத் தாமே எழுதிய கட்டுரையை, அச்சுக்குப் போகுமுன் சங்கத்தில் வேறொருவர் படிக்க வைத்திருக்கலாம். ஆசிரியரும் எழுத்தாளரும் ஒருவரே என்ற நிலைமை வசதிக்காக ஏற்பட்டது. இந்த ஒரு முறை அந்த வசதிக்கு விலை கொடுக்க நேர்ந்தது.

இரண்டாவது சாட்சி எவ்வளவு பெறும் என்பதற்கு லிஷின் தொகுப்பிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1843-இல் ஷ்வேரினுக்கருகே பெக்காட்டல் என்ற இடத்தின் கூம்பு மேட்டில், சக்கரங்கள்மேல் நிற்கும் வெண்கலக் கொப்பரை ஒன்று கிடைத்தது. அடுத்த ஆண்டின் ஆண்டிதழில் அது வெளியானது. அப்படியொரு பொருளை அதுவரை யாரும் கண்டதில்லை. 1855-இல் சுவீடனின் ஈஸ்டாட் அருகே அதை ஒத்த சிறு தேரின் பகுதிகள் கிடைத்தன. லிஷ் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1895-இல், டென்மார்க்கின் ஸ்கால்லெருப் ஊரில் வேறொரு குழுவினர் வேறொரு மேட்டைத் திறந்தபோது, நான்கு சக்கர வண்டியின்மேல் அமைந்த இன்னொரு வெண்கலக் கொப்பரை உள்ளே இருந்தது.